பிரெஞ்சு வினைச்சொற்களை அசை பிரித்து உச்சரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சில் 'பேசு' என்பதற்கான வினை பார்லே. நிகழ்காலத்தில் நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு இடங்களுக்கும் இதைத் திரிக்கும்போது தாளில் ஐந்து வெவ்வேறு எழுத்துக்கூட்டல் வரும். வாயில் வருவது மூன்றே மூன்று: பார்ல், பார்-லோங், பார்-லே. நான், நீ, அவன், அவர்கள் நாலு பேருக்கும் ஒரே 'பார்ல்'தான். எழுதியிருப்பதை ஒன்றுவிடாமல் வாசித்தே பழகிய நமக்கு இங்கேதான் முதல் சறுக்கல் வருகிறது. கடைசியில் மூன்று எழுத்து தெரிந்தால் அதை ஒலிக்காமல் விட மனசு வராது, 'பார்லெந்த்' என்று இழுத்துவிடுவோம்.

பாடப்புத்தகங்கள் வினைத்திரிபை அட்டவணையாகவே கற்றுத்தருகின்றன, அதுவும் கண்ணுக்கு மட்டும். காதுக்கான வேலை வேறு மாதிரி நடக்கிறது. அதன் வரிசை இதுதான்: முதலில் ஊமை விகுதியை உதிர்க்க வேண்டும், மிச்சம் இருப்பதில் கடைசியாகக் கேட்கும் ஒலி எது என்று பிடிக்க வேண்டும், முன்னால் நிற்கும் பிரதிப்பெயரோடு (நான், நீ, அவன் போன்ற சொல்) சேர்த்து ஒரே சரமாக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். வினையைத் தனியாக எடுத்து வெட்டினால் பாதி நேரம் தப்பாகத்தான் வரும்.

இங்கே ஒலிகளை எழுதும் முறை

எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவதால் சில ஏற்பாடுகள் தேவை, ஒருமுறை படித்துவிடுங்கள். ஆ, ஏ, ஓ என்று நெடிலில் எழுதினாலும் நீட்ட வேண்டாம், பிரெஞ்சில் நம் குறில் நெடில் கணக்கு இல்லை. ஏ என்றால் வாயைக் குறுக்கிச் சொல்வது, எ என்றால் வாயை நன்றாகத் திறந்து சொல்வது. ஜ, ல, ஸ என்று அகரக் குறிலாக வந்தால் அது உதட்டை லேசாகக் குவித்து விடும் பலவீனமான ஒலி. இதற்கு உரிய எழுத்து 'ஈ', பல இடங்களில் சத்தமே இல்லாமல் போய்விடுவதால் அதை 'ஊமை ஈ' என்பார்கள்.

ஓங், ஆங், எங் மூன்றும் மூக்கொலி உயிர்கள். ங் என்று எழுதியிருக்கிறேனே தவிர நாக்கு மேலே எங்கேயும் தொடக்கூடாது, காற்றை மூக்கு வழியாக விட்டால் போதும். 'யு' வந்தால் உதட்டை ஊ என்று குவித்து, நாக்கை ஈ சொல்லும் இடத்தில் வையுங்கள். ஃஸ என்பது தேனீ ரீங்காரம் மாதிரி அதிரும் ஸ. ர தொண்டையில் உரசும். ஜ கொஞ்சம் மென்மையானது, 'ஷ' சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் கிடைக்கும். த, ப, க மூன்றும் தமிழைப் போலவே வல்லொலியாகவும் மெல்ல அதிர்ந்தும் வரலாம், குழப்பம் வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். எழுத்தின் பெயரைச் சொல்லும்போது 'டீ' என்று நீட்டினால் டீ-ஷர்ட்டின் எழுத்து, 'டி' என்று குறுக்கினால் டிவிடியின் எழுத்து.

தாளில் ஒரு கணக்கு, வாயில் ஒரு கணக்கு

அசை என்று நான் சொல்வது ஓர் உயிரொலியைச் சுற்றிய ஒலித்துண்டு. யாப்பில் வரும் நேரசை நிரையசையை இங்கே மறந்துவிடுங்கள்.

பிரெஞ்சில் அசை பிரிப்பு இரண்டு விதம். வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக எழுத்தசை, பேச்சுக்கு ஒலியசை. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதில் வரும் வினைக்கு எழுத்தசை இரண்டு, ஒலியசை ஒன்றே ஒன்று (பார்ல்). எழுத்தசையில் இரட்டை மெய்களுக்கு நடுவே வெட்டுவார்கள், பேச்சில் அந்த இரட்டை ஒற்றையாகிவிடும். மூன்றாவதாகச் செய்யுள் கணக்கு ஒன்றும் உண்டு: பழைய பன்னிரண்டசை அடிகளில், அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் ஊமை ஈயும் ஓர் அசையாக எண்ணப்படும். கவிதை வாசிக்கப்போகிறவர்களுக்கு அது முக்கியம், இந்தக் கட்டுரை முழுக்க ஒலியசை பற்றியது.

படி 1: ஊமை விகுதிகளை உதிர்த்துவிடுங்கள்

நிகழ்காலத்தில் ஈ, ஈ-எஸ், ஈ-என்-டீ மூன்றும் ஊமை. சொல்லின் கடைசியில் தனியாக நிற்கும் எஸ், டீ, டி, எக்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஊமைதான். 'நீங்கள்' வடிவத்தின் ஈ-இசட் ஏ என்று ஒலிக்கும், 'நாம்' வடிவத்தின் ஓ-என்-எஸ் ஓங். இறந்தகாலத் தொடர்வினையில் ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-டீ, ஏ-ஐ-ஈ-என்-டீ மூன்றுக்கும் ஒரே எ: நான் பேசிக்கொண்டிருந்தேன், நீ, அவன், அவர்கள், எல்லாமே பார்-லெ. 'அவர்களுக்கு இருக்கட்டும்' என்ற பொருளில் வரும் விருப்ப வடிவம் ஒன்று இருக்கிறது, ஐந்து எழுத்துகளை வரிசையாக எழுதிவிட்டு வெறும் 'எ' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த ஈ-என்-டீ பற்றி ஒரு நிமிடம் நிற்கலாம், ஏனென்றால் எல்லாச் சொல்லிலும் அது ஊமை இல்லை. பெயர்ச்சொல்லிலும் வினையடையிலும் அதே மூன்று எழுத்து 'ஆங்' என்று ஒலிக்கும். இதற்குப் பிரெஞ்சு வகுப்புகளில் காலம்காலமாகச் சொல்லப்படும் வாக்கியம் 'லே பூல் த்யு கூவாங் கூவ்', அதாவது மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. மடம் என்ற சொல்லும் 'அடைகாக்கின்றன' என்ற வினையும் தாளில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மடம் கூ-வாங், இரண்டு அசை. வினை கூவ், ஒரே அசை.

சரி, வினைக்குள்ளேயே அப்படி உண்டா என்றால், உண்டு. 'அவன் உணர்கிறான்' என்பது இல்-ஸாங், 'அவன் வருகிறான்' என்பது இல்-வ்யெங். இரண்டும் ஈ-என்-டீ என்றுதான் முடியும், இரண்டும் மூக்கில் ஒலிக்கும், காரணம் அவை ஒருமை, அங்கே ஈ-என் வேர்ச்சொல்லைச் சேர்ந்தது. ஆகவே எழுத்தைப் பார்க்காதீர்கள், எழுவாயைப் பாருங்கள். எழுவாய் பன்மையாக இருந்தால் ஈ-என்-டீ ஊமை, விதிவிலக்கே இல்லை. ஓ-என்-டீ என்று முடியும் பன்மை வேறு விஷயம், அது எப்போதும் ஓங். நிகழ்காலத்தில் அப்படி முடிபவை நாலே நாலு: ஓங் (உடையவர்கள்), ஸோங் (இருக்கிறார்கள்), வோங் (போகிறார்கள்), ஃபோங் (செய்கிறார்கள்). எதிர்காலத்தில் எல்லா வினைக்கும் அதே முடிவு.

படி 2: கடைசியாகக் கேட்கும் மெய்யைப் பிடியுங்கள்

பார்லே வகை வினைகளில் அவனும் அவர்களும் ஒன்றாகவே ஒலிப்பதால், மற்ற வினைகளும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பன்மை வந்ததும் வேரின் கடைசி மெய் விழித்துக்கொள்கிறது. முடிக்கிறான் இல்-ஃபி-நி, முடிக்கிறார்கள் இல்-ஃபி-நிஸ். புறப்படுகிறான் பார், புறப்படுகிறார்கள் பார்த். தூங்குகிறான் தோர், தூங்குகிறார்கள் தோர்ம். வாசிக்கிறான் லி, பன்மையில் லிஃஸ். வைக்கிறான் மெ, பன்மையில் மெத். விற்கிறான் வாங், பன்மையில் வாங்த் ('இந்த' என்பதில் கேட்கும் த). அசை எண்ணிக்கை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்: திறந்திருந்த அசையை ஒரு மெய் மூடுகிறது, அவ்வளவுதான். ஒருமையா பன்மையா என்று பிரெஞ்சுக்காரர் காது அந்த மெய்யை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நாம் அதை மென்று விழுங்கினால் நாலு பேர் புறப்பட்டதை ஒருவர் புறப்பட்டதாகக் கேட்டுக்கொள்வார்கள்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. இந்தப் பன்மை ஒலியைத் தெரிந்து வைத்துக்கொண்டால், பெரும்பாலான வினைகளுக்கு 'நான் புறப்பட வேண்டும்' போன்ற வாக்கியங்களில் வரும் விருப்ப வடிவத்தின் ஒலியும் கைக்கு வந்துவிடும். பார்த், ஃபி-நிஸ், தோர்ம், அதே ஒலிதான். இதைத் தனி அட்டவணையாக மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மூக்கொலியும் இதே வழியில்தான் வரும் போகும். 'என்' என்ற எழுத்துக்குப் பின்னால் உயிரொலி எதுவும் இல்லாவிட்டால் அது முன்னால் உள்ள உயிருக்குள் கரைந்து மூக்கொலி ஆகிறது. பின்னால் உயிர் வந்தாலோ 'என்' இரட்டித்தாலோ அது முழு மெய்யாகிவிடும், மூக்கொலி காணாமல் போகும். 'எடு' என்ற வினையைப் பாருங்கள்: எடுக்கிறான் ப்ராங், எடுக்கிறோம் ப்ர-நோங், எடுக்கிறார்கள் ப்ரென். ஒரே வேரில் மூன்று உயிர்கள். வருகிறான் வ்யெங், வருகிறோம் வ-நோங், வருகிறார்கள் வ்யென். இந்த இரண்டு வினைகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் மற்றவை தன்னால் வரும்.

படி 3: எங்கே வெட்டுவது

விதி சுலபம். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால் அது பின்னால் வரும் அசைக்குப் போகும்: ஃபி-நி-ஸோங். இரண்டு மெய்கள் வந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும்: பார்-லோங். இரண்டாவது மெய் எல் அல்லது ஆர் ஆக இருந்து முதல் மெய்யோடு ஒட்டக்கூடியதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே பின்னால் போகும்: மோங்-த்ரோங் (காட்டுகிறோம்). எப்போதும் அசையை உயிரில் முடிக்கவே பிரெஞ்சு பார்க்கும், சந்தேகம் வந்தால் மெய்யைப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

தாளில் இரட்டை மெய் இருந்தாலும் ஒற்றையாகச் சொல்லுங்கள். இதில் நாம் சறுக்குவது இயல்பு, 'பட்டு' வேறு 'படு' வேறு என்று பழகியவர்கள். ஆனால் ஓடு, சா போன்ற சில வினைகளின் எதிர்காலத்திலும் நிபந்தனை வடிவத்திலும் இரட்டை ஆர் உண்மையிலேயே இரட்டையாக ஒலிக்கும்: ஓடிக்கொண்டிருந்தான் கூ-ரெ, ஓடுவான் (நிபந்தனையோடு) கூர்-ரெ. இந்த ஓர் இடத்தில் தமிழர்களுக்குக் கொண்டாட்டம்.

படி 4: ஊமை ஈ எப்போது பேசும், எப்போது வாய் மூடும்

இதுதான் உள்ளதிலேயே சுவாரசியமான பகுதி. 'வாங்கு' என்ற வினை ஆஷ்-தே. வாங்குகிறேன் என்றால் ஜா-ஷெத், வாங்குகிறோம் என்றால் ஆஷ்-தோங். விகுதி ஊமையாக இருந்தால் வேரின் ஈ தான் கடைசி அசையைத் தாங்க வேண்டும், அதனால் அது அகன்ற எ ஆகிறது. விகுதி ஒலித்தால் பாரம் அங்கே போய்விடும், வேரின் ஈ தேய்ந்து மறைந்துவிடும். 'கூப்பிடு' வினையும் அப்படியே: ஜா-பெல், ஆ-ப்லோங். ஒன்றில் எழுத்தின் மேல் சாய்கோடு போடுகிறார்கள், இன்னொன்றில் 'எல்' எழுத்தை இரட்டிக்கிறார்கள், எழுத்துக்கூட்டலில் வேறு வேறு விதியாகத் தெரியும் இரண்டும் காதுக்கு ஒரே விதி.

எதிர்காலத்தில் ஊமை ஈ வினைக்கும் விகுதிக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. 'கொடுப்பேன்' என்பது தாளில் மூன்று அசை, பேச்சில் தொன்-ரே ('தினம்' என்பதன் த), இரண்டே அசை. ஆனால் 'பேசுவேன்' என்பதை அப்படிச் சுருக்க முடியாது, சுருக்கினால் ஆர், எல், ஆர் மூன்றும் முட்டிக்கொள்ளும், ஆகவே பார்-ல-ரே என்று ஈ நின்றுவிடும். மோரீஸ் க்ராமோங் என்ற மொழியியலாளர் இதற்கு 'மூன்று மெய் விதி' என்று பெயர் வைத்தார்: ஈ விழுந்தால் மூன்று மெய்கள் நெருக்கியடிக்கும் என்றால் அது விழாது. எல்லா இடத்திலும் கறாராகப் பொருந்தும் விதி அல்ல, ஆனால் வினைகளுக்கு நன்றாகவே உதவும்.

நுணுக்கம் ஒன்று: 'கொடுப்போம்' தொன்-ரோங், இரண்டு அசை. நிபந்தனை வடிவம் தொ-ந-ர்யோங், மூன்று அசை. ர்யோங், ர்யே என்று விகுதி வந்தால் முன்னால் உள்ள ஈயை விழுங்க மாட்டார்கள். உயிரொலிக்குப் பின்னால் வரும் ஈ மட்டும் எப்போதும் செத்த ஈ: விளையாடுவேன் ஜூ-ரே, படிப்பேன் ஏ-த்யு-தி-ரே.

'திரும்பச் சொல்' என்ற வினையின் எதிர்காலத்தில் வேரின் உயிர் எ என்று ஒலிக்கும், பழைய எழுத்துக்கூட்டலில் அங்கே ஏ ஒலிக்குரிய குறிதான் இருக்கும். 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம் அதை ஒலிக்கு ஏற்ப எழுத அனுமதித்தது. இப்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் பார்ப்பீர்கள், வாயில் எ தான்.

படி 5: வேர் உயிரில் முடிந்தால்

படி, விளையாடு, கத்து போன்ற வினைகளில் வேர் உயிரிலேயே முடிகிறது. பின்னால் விகுதி உயிர் வந்ததும் முதல் உயிர் சுருங்கி யகரமாகவோ வகரமாகவோ மாறி, பின்னால் வரும் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். படிக்கிறேன் ஏ-த்யு-தி, படிக்கிறோம் ஏ-த்யு-த்யோங். இரண்டும் மூன்று அசைதான், விகுதி கூடியும் அசை கூடவில்லை. விளையாடுகிறோம் ஜ்வோங் என்றும் சொல்வார்கள், நிதானமாக ஜூ-ஓங் என்றும் சொல்வார்கள்.

முன்னால் ஏற்கெனவே இரண்டு மெய்கள் (இரண்டாவது எல் அல்லது ஆர்) இருந்தால் சுருங்க இடமில்லை, அங்கே ஓர் அசை கூடுகிறது: கத்துகிறோம் க்ரி-யோங். தொடர் இறந்தகாலத்திலும் இதே கதை: பேசிக்கொண்டிருந்தோம் பார்-ல்யோங், காட்டிக்கொண்டிருந்தோம் மோங்-த்ரி-யோங்.

படி 6: பிரதிப்பெயரோடு கோத்துவிட்டு மறுபடி வெட்டுங்கள்

கடல், அலை இரண்டும் சேர்ந்தால் கடலலை. மெய்யின் மேல் உயிர் ஏறி உட்காரும் இந்தப் புணர்ச்சியைப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்குப் பிரெஞ்சு இங்கே சொந்த வீடு மாதிரி. 'அவன் நேசிக்கிறான்' என்பது இல் + எம், சொல்லும்போது இ-லெம். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்றால் பிரதிப்பெயரின் கடைசியில் தூங்கும் எஸ் எழுந்து ஃஸ ஆகிறது: இல்-ஃஸெம். பார்லே வகையில் ஒருமை பன்மையைக் காதால் பிரிக்க முடியாது என்றேன் அல்லவா, உயிரில் தொடங்கும் வினையாக இருந்தால் இப்படிப் பிரித்துவிடலாம். நமக்கு இருக்கிறது என்பது நூ-ஃஸா-வோங். இல்-ஃஸோங் என்றால் அவர்களிடம் இருக்கிறது, இல்-ஸோங் என்றால் அவர்கள் இருக்கிறார்கள். தமிழர் வாயில் இரண்டும் ஸோங் ஆகிவிடும் ஆபத்து அதிகம், தொண்டையில் கை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வியாக்கி வினையை முன்னால் போடும்போது டீ எழுத்து ஒலிக்கிறது. 'அவன் எடுக்கிறானா' ப்ராங்-தில், தாளில் டி இருந்தாலும் வாயில் வருவது டீயின் வல்லொலிதான். 'அவன் பேசுகிறானா' என்பதில் தாளில் டீயே கிடையாது, நடுவே ஒரு டீயைச் செருகி பார்-ல-தில் என்கிறார்கள், நம் உடம்படுமெய் செய்யும் அதே வேலை. 'போ அங்கே' என்று ஏவும்போது வா-ஃஸி, இதிலும் ஒரு எஸ் செருகல். தினசரி பேச்சில் நூறு தடவை கேட்கும் சொல் இது. வினைக்குப் பின்னால் வேறு சொற்கள் வரும்போது இப்படி இணைப்பது பெரும்பாலும் விருப்பம், மேடைப்பேச்சில் கேட்கும், கடைத்தெருவில் அவ்வளவாகக் கேட்காது.

'வெறு' என்ற வினை யாரோடும் சேராது. அதன் முதல் எச் ஒலிக்காவிட்டாலும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆகவே ஜ-எ, நூ-ஆ-இ-ஸோங், ஃஸகரம் வராது.

அப்புறம் நிஜப் பேச்சு இன்னும் ஒரு படி மேலே சுருக்கும். 'எனக்குத் தெரியாது' என்பது பாடப்புத்தகத்தில் ஜ-ந-ஸெ-பா, நாலு அசை. தெருவில் ஷெ-பா. 'உன்னிடம் இருக்கிறது' த்யு-ஆ என்பது தா ஆகிறது. இவற்றைப் புரிந்துகொள்ளக் காது பழகட்டும், வாய்மொழித் தேர்வில் முழு வடிவத்தையே சொல்லுங்கள். தெற்கே மார்சேய், துலூஸ் பக்கம் போனால் நிலைமை தலைகீழ், அங்கே பலர் ஊமை ஈயையும் பேசவைத்து பார்-ல என்று இரண்டு அசையாகச் சொல்வார்கள். அது தப்பு இல்லை, வட்டார வழக்கு.

அடங்காத சில

'செய்' வினையில் 'செய்கிறோம்' என்பது ஃப-ஃஸோங். தாளில் ஏ-ஐ இருக்கிறதே என்று ஃபெ-ஃஸோங் சொல்லாதீர்கள். ஃப-ஃஸெ (செய்துகொண்டிருந்தான்) வடிவத்திலும் அப்படியே. ஆனால் 'நீங்கள் செய்கிறீர்கள்' ஃபெத், ஒரே அசை, இங்கே வழக்கமான ஏ விகுதியே கிடையாது. 'உடைய' வினையின் இறந்தகால எச்சம் ஈ-யூ என்று எழுதி 'யு' என்று மட்டும் ஒலிக்கும். எதிர்காலத்தின் 'நான்' வடிவம் ரே, நிபந்தனையின் 'நான்' வடிவம் ரெ என்று புத்தகம் சொல்லும். பிரான்சிலேயே நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள், இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் தாளில் பிரெஞ்சில் எழுதுங்கள், ஊமை எழுத்துகளைப் பென்சிலால் அடியுங்கள், மிச்சத்தைப் பிரதிப்பெயரோடு கோத்து வெட்டுங்கள், பிறகு பக்கத்தில் உள்ள விடையோடு ஒப்பிடுங்கள்.

அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்: இல்-ஃஸாஷ்-தெ, மூன்று அசை.
நாம் கூப்பிடுவோம்: நூ-ஃஸா-பெல்-ரோங், நாலு.
அதே வினை நிபந்தனையில்: நூ-ஃஸா-பெ-ல-ர்யோங், ஐந்து.
நீங்கள் முடித்துக்கொண்டிருந்தீர்கள்: வூ-ஃபி-நி-ஸ்யே, நாலு.
பெண்கள் எழுந்திருக்கிறார்கள்: எல்-ஸ-லெவ், மூன்று.
அவர்கள் எழுதுகிறார்கள்: இல்-ஃஸே-க்ரிவ், மூன்று. ஒருமையில் இ-லே-க்ரி, இதுவும் மூன்று.
அவர்கள் பேசுவார்களா (நிபந்தனை): பார்-ல-ரெ-தில், நாலு.

கடைசி ஒன்றில் நடுவே உள்ள ல-வின் அகரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு முட்டி நிற்கும் இடம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.